மோட்டார் பொது

விளம்பரத் தாளில் ஏழு வேலை.
தொம்மை வாங்கியது ஐந்து:
அறுக்க, இழைக்க, துளைக்க, கடைய, சாணை பிடிக்க.
காடி எடுக்கும் கைக்கும் பொளி குத்தும் தலைக்கும்
தனி விலை என்றானாம் கோயம்புத்தூர்க்காரன்.
அவை உட்கார வேண்டிய விலாவில்
மரை வெட்டிய ஓட்டைகள் காலியாகவே
ஞானஒளிவுபுரம் வந்து இறங்கின,
மாட்டுவண்டியில், வைக்கோல் பிரி சுற்றி.

நான் மோட்டாருக்குச் சுருள் கட்டுகிறவள்.
கரிமேட்டில் கடை.
வார்னிஷ் வாடையும் மீன் வாடையும்
பகல் முழுக்கச் சண்டை போடும் இடம்.
முதல் தடவை கருகி வந்தபோதே பிரித்துப் பார்த்துவிட்டேன்.
செம்பு மெலிசு, சுற்று குறைவு.
எங்கே காசு மிச்சம் பிடித்தார்கள் என்பதை
எந்த மோட்டாரும் ஒளிப்பதில்லை.
மேசையும் ஒரு பக்கம் அரை நூல் தாழ்வு.
தொம்மை அதற்கு ஒரு சினிமா டிக்கெட்டை மடித்து
அண்டக்கொடுத்திருந்தார்.
இருபது வருடம் அந்த டிக்கெட்தான் மட்டம் காத்தது.

சுரண்டினால் பச்சை,
அதன் மேல் பள்ளிக்கூட பெஞ்சுக்கு அடித்த நீலத்தில் மிச்சம்,
அதன் மேல் வெள்ளி.
பேரிங்கில் வண்டல்: வைகை ஒரு தரம்
கதவைத் தட்டாமல் வந்து போயிருக்கிறது.
கேரம் போர்டு, தொட்டில் கட்டை, ஊன்றுகோல்,
கோயிலில் முழந்தாள்படியிடும் பலகை,
கடைசியில் தொம்மைக்கே ஒரு பெட்டி,
எல்லாம் இந்த ஒரே அச்சில்.

பிறகு பாகப்பிரிவினை.
வீடு மூன்றானது. கிணறு பொது.
மெஷினை விற்றுப் பணமாக்குங்கள் என்றார் பத்திரம் எழுதுகிறவர்.
மாட்டோம் என்றார்கள் மூன்று பேரும்.
அவர்கள் சேர்ந்து சொன்ன கடைசி வார்த்தை அது.
ஆகவே முத்திரைத் தாளில்:
ரம்பம் சவரிக்கு.
இழைப்பு சூசைக்கு.
கடைசல், துளை, சாணை இன்னாசிக்கு.
மோட்டார் பொது.
அச்சு ஒன்றுதான் என்பதை
யாரும் எழுதவில்லை.

சவரி அறுத்தால் சூசையின் கத்தியும் சும்மா சுற்றும்.
சுற்றியதற்குத் தேய்மானம் கேட்டான் சூசை.
இன்னாசி பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு போய்
தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினான்.
சவரி புது பெல்ட் வாங்கினான்.
மறுநாள் புல்லியைக் காணோம்.
ஒரு காலை ரம்பத்தில்
ஒன்றுவிட்டு ஒரு பல் மழுங்கிக் கிடந்தது.
மோட்டார் பொது,
அதனால் எண்ணெய் விட ஆளில்லை.

மூன்றாம் முறை கருகியதை
ஆளுக்கொரு மூலை பிடித்துத் தூக்கி வந்தார்கள்.
கூலி நானூறு.
ஆளுக்கு நூற்றி முப்பத்துமூன்று வைத்தார்கள்.
மீதி ஒரு ரூபாய் யார் தருவது என்று
மீன்காரிகள் கூடையைக் கவிழ்க்கும் நேரம் வரை நின்றார்கள்.
அந்த ஒரு ரூபாயை நான் விட்டிருக்கலாம்.
விடவில்லை.
மோட்டார் என்னிடமே தங்கியது.
பதினோரு மாதம் கழித்து
மிச்ச உடம்பை மூவாயிரத்துக்குக் கேட்டேன்.
மூன்றால் வகுபடும்.
தனித்தனி நாளில் வந்து கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது சுருள் நழுவாமல் செருகும் மூங்கில் ஆப்புகளை
அதில்தான் அறுக்கிறேன்.
செம்பைக் கூட்டிக் கட்டினேன், சூடேறுவதில்லை.
டிக்கெட்டை எடுக்கவில்லை.

போன மாசியில் செல்லூர் காயலான் கடையில்,
சைக்கிள் சக்கரங்களுக்கு அடியில்,
அதே பச்சையில் ஒரு பொளித் தலை.
எடை போட்டுத்தான் கொடுத்தான்.
துடைத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து,
விலாவில் வைத்துப் பார்த்தேன்.
மூன்று திருகு ஏறியது.
நாலாவது ஓட்டை அரை நூல் தள்ளி.
வார்க்கும்போதே அப்படித்தான் வார்த்திருக்கிறார்கள்.
தொம்மை அன்றே வாங்கியிருந்தாலும் சேர்ந்திருக்காது.

மூன்று திருகில் நிற்கிறது.
பொளி கொஞ்சம் சாய்ந்து விழுகிறது.
நான் கழுந்தைச் சாய்த்துச் செதுக்கிக்கொள்கிறேன்.